பரபரப்பான கடைவீதிச் சாலையை மறுவடிவமைப்பது எப்படி: நடப்பவர், சைக்கிள், பேருந்து, வண்டி எல்லோருக்கும் இடம் பிரிக்கும் முழு வழிகாட்டி

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் புது வடிவத்தில் திறக்கப்பட்டது. வண்டிகளை முழுசாக நிறுத்தவில்லை. வண்டி ஓடும் பாகத்தைச் சுருக்கி, இரண்டு பக்கமும் குடும்பமாக நடக்கிற அளவுக்கு நடைபாதையை அகலப்படுத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நம்ம ஊரிலும் இப்படி வந்தால் நல்லாயிருக்கும்" என்பது ஒன்று. "இருக்கிற ரோட்டையும் குறுக்கிட்டா வண்டி எங்கே போகும்" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான பேச்சுதான். இந்த வழிகாட்டி இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டு முதல் ஆசையை நிறைவேற்றுவதைப் பற்றியது.

கவுன்சிலர், வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், நகராட்சிப் பொறியாளர், கட்டடக்கலை மாணவர் என யார் கையில் எடுத்தாலும் பயன்படும்படி எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரு சாலையை வைத்துக்கொள்வோம்: சுவருக்குச் சுவர் 24 மீட்டர், அதாவது நம் ஊர் வழக்கில் எண்பதடி ரோடு. இருவழிப் போக்குவரத்து, டவுன் பஸ் ஓடுகிறது, இருபுறமும் கடைகள், இரண்டு முனைகளிலும் சிக்னல். உங்கள் சாலையின் அளவு வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

படி 1: சாலை யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பெரிய ஊர்களில் ஒரே சாலை பாதித் தூரம் மாநகராட்சியிடமும் மீதி மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கும். சில ஊர்களில் கடைவீதியே பழைய தேசிய நெடுஞ்சாலையாக இருக்கும். தவறான அலுவலகத்தில் ஒரு வருடம் மனு கொடுத்துக் களைத்துப்போனவர்கள் உண்டு. முதலில் அதைத் தெளிவாக்குங்கள். மின்வாரியம், குடிநீர் வாரியம், போக்குவரத்துக் காவல், பேருந்துக் கழகம் இந்த நான்கும் எந்தச் சாலையானாலும் உள்ளே வரும். இவர்களை வரைபடம் முடிந்த பிறகு அழைக்காதீர்கள், தொடக்கத்திலேயே உட்காரவையுங்கள்.

கொள்கையும் உங்கள் பக்கம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை, போக்குவரத்து நிதியில் பெரும்பங்கு என்று அதில் எழுதியே இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடுகின்றன. உங்கள் கோரிக்கையை அங்கே பதிவு செய்யுங்கள். பதிவேட்டில் ஏறிய கோரிக்கையை ஒதுக்கிவைப்பது எளிதல்ல.

படி 2: ஆட்களை எண்ணுங்கள்

சாலைக் கணக்கெடுப்பு என்றால் வழக்கமாக வண்டிகளை எண்ணுவார்கள். பேருந்து ஒன்று மூன்று காருக்குச் சமம் என்று கணக்கில் ஏறும், அதற்குள் அறுபது பேர் நிற்பது ஏறாது. நடப்பவர் பல கணக்கெடுப்புகளில் வருவதே இல்லை. அதனால் நீங்களே எண்ணுங்கள். வாரநாளில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், சனி அல்லது ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். சாலையின் ஓர் இடத்தில் கற்பனையாக ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுகிற ஒவ்வொரு ஆளையும் எண்ண வேண்டும். காரில் எத்தனை பேர், பைக்கில் எத்தனை பேர், ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர், பேருந்தில் தோராயமாக எத்தனை பேர், நடந்து எத்தனை பேர், சைக்கிளில் எத்தனை பேர். கல்லூரி மாணவர்கள் ஆறேழு பேர் இருந்தால் போதும்.

குறுக்கே கடப்பவர்களைத் தனியாக எண்ணுங்கள், எந்தக் கடை வாசலில் கடக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். ஜீப்ரா எங்கே வேண்டும் என்று பிறகு யாரும் சண்டை போட வேண்டியதில்லை, இந்தத் தாளே சொல்லிவிடும்.

கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி, கடையிலிருந்து வெளியே வரும் வாடிக்கையாளரிடம் அதே கேள்வி: எப்படி வந்தீர்கள்? இரண்டு பதிலும் அநேகமாக ஒத்துவராது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கேட்டபோது, வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நம்பினார்கள். உண்மையில் வந்தது 22 சதவீதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வாசலில் கார் நிறுத்த இடமில்லை என்று புலம்பிய வாடிக்கையாளர் நினைவில் நிற்கிறார், நடந்து வந்து பேசாமல் வாங்கிப்போன நாலு பேர் நிற்பதில்லை. உங்கள் தெருவின் சொந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வணிகர் சங்கத்துடன் பேசினால் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

படி 3: கடைக்கு வருகிறவர் யார், கடந்து போகிறவர் யார்

கடைவீதியில் நெரிசல் என்கிறோம். அதில் எத்தனை வண்டிக்கு அந்த வீதியில் வேலையே இல்லை? கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாலையின் இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு பேர் நின்று, அரை மணி நேரம் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். செல்பேசியில் வீடியோ எடுத்துப் பிறகு எழுதினால் இன்னும் சுலபம். ஒரு முனையில் நுழைந்து ஐந்து நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறிய வண்டி கடந்து போகிற வண்டி. மற்றவை தெருவுக்கு வந்தவை. பட்டியலை ஒப்பிட்ட பிறகு அந்த எண்களை அழித்துவிடுங்கள்.

கடந்து போகிறவர்கள் அதிகம் என்றால், முதல் வேலை அவர்களுக்கு வேறு பாதை காட்டுவது. கோபன்ஹேகனின் நொர்ரபுரோ பகுதியில் ஒரு முக்கியக் கடைவீதி உண்டு, பெயர் நொர்ரபுரோகேட. 2008-ல் அங்கே கார்கள் நேராக ஊடுருவிப் போவதைச் சில இடங்களில் தடுத்தார்கள். பேருந்தும் சைக்கிளும் நேராகப் போகலாம், கார் கடைக்கு வரலாம், ஆனால் குறுக்குவழியாக அந்தத் தெருவைப் பயன்படுத்த முடியாது. முதலில் அது ஒரு சோதனைதான். பிறகு சைக்கிள் தடங்களை அகலமாக்கி நிரந்தரமாக்கினார்கள்.

இங்கே ஒரு பயம் எழும்: தடுத்த வண்டி எல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடாதா? கொஞ்சம் போகும், அதனால்தான் பக்கத்துத் தெருக்களையும் முன்கூட்டியே எண்ணிவைக்க வேண்டும். ஆனால் எல்லாம் போவதில்லை. சாலையின் கொள்ளளவைக் குறைத்த இடங்களைப் பற்றி பிரிட்டனில் 1998-ல் ஆய்வு செய்தார்கள், பிறகு அதை 70 இடங்களுக்கு மேல் விரிவுபடுத்தினார்கள். வண்டிகளில் ஒரு பங்கு எங்குமே மறுபடி தென்படவில்லை. மக்கள் நேரத்தை மாற்றுகிறார்கள், இரண்டு பயணத்தை ஒன்றாக்குகிறார்கள், பேருந்துக்கு மாறுகிறார்கள், அருகிலுள்ள கடைக்கு நடக்கிறார்கள்.

படி 4: வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வரைபடத்தில் ஒரு கோடு போடுவதற்கு முன் எழுத வேண்டிய எண் வேகம்தான். கடைவீதிக்கு மணிக்கு 30 கிலோமீட்டர். நடப்பவரும் சைக்கிளும் வண்டியோடு கலக்கும் இடங்களுக்கு உலக நாடுகள் 2020-ல் ஸ்டாக்ஹோமில் ஏற்ற பிரகடனம் சொல்வதும் இதையே.

கணக்கைப் பாருங்கள். 30-ல் போகும் வண்டி ஓட்டுநர் ஒரு வினாடி சுதாரித்து நல்ல சாலையில் பிரேக் போட்டால் சுமார் 14 மீட்டரில் நிற்கும். 50-ல் போனால் சுமார் 30 மீட்டர் ஆகும். நின்றிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை 15 மீட்டர் தூரத்தில் ஓடிவருகிறது என்று வையுங்கள். முதல் வண்டி தொடாமல் நிற்கிறது. இரண்டாவது வண்டி பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே குழந்தைக்கு அருகில் வந்துவிடுகிறது, கிட்டத்தட்ட முழு வேகத்தில் மோதுகிறது. இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இந்த எண்ணைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

பலகை வைத்தால் வேகம் குறையாது. தடத்தின் அகலம், திருப்பத்தின் வளைவு, மேடாக்கிய ஜீப்ரா, இவைதான் வேகத்தைக் குறைக்கும். அடுத்த படிகள் எல்லாம் இந்த 30-ஐக் கட்டிக்காக்கவே.

படி 5: ஜங்ஷனிலிருந்து தொடங்குங்கள்

"ரோட்டைக் குறுக்கினால் வண்டி எங்கே போகும்" என்ற கேள்விக்குப் பதில் இந்தப் படியில்தான் இருக்கிறது.

ஒரு சாலை மணிக்கு எத்தனை வண்டியை அனுப்பும் என்பதைச் சிக்னல்தான் தீர்மானிக்கிறது. நடுப்பகுதி எவ்வளவு அகலமாக இருந்தாலும், பாட்டிலின் கழுத்து எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வெளியே வரும். நம் நாட்டுப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பழைய தோராயக் கணக்கு ஒன்று உண்டு: பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்கு மணிக்குச் சுமார் 525 கார் அளவு போகும். சிக்னலில் நிற்கும் பக்கம் ஐந்தரை மீட்டர் அகலம் என்றால் 2,900-ஐ ஒட்டி வரும். ஆனால் பச்சை எரிவது நேரத்தில் 40 சதவீதம்தான் என்று வைத்தால் உண்மையில் வெளியேறுவது 1,150 அளவு. இப்போது நடுப்பகுதிக்கு வாருங்கள். அங்கே சிக்னல் இல்லை. மூன்றரை மீட்டர் ஒற்றைத் தடம் தடையில்லாமல் ஓடினால் 1,800-க்கு மேல் தாங்கும். கடைவீதி உரசலுக்குக் கழித்துக்கொண்டாலும் சிக்னல் விடுகிற அளவுக்குக் குறையாது.

ஆக, நடுப்பகுதியில் இரண்டாவது தடம் பெரும்பாலும் வண்டியை வேகமாகச் சிக்னலில் கொண்டுபோய் நிறுத்தத்தான் உதவுகிறது. இல்லையென்றால் அதில் கார்கள் நின்றுகொண்டிருக்கும். அந்த இடத்தைத்தான் நாம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் கேட்கிறோம்.

வடிவமைப்பில் இதை இப்படிச் செய்யலாம்: நடுப்பகுதியில் பக்கத்துக்கு ஒரு தடம், ஓரமாக பார்க்கிங் பைகள், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கும் சிறு இடங்கள். சிக்னலுக்கு 40 மீட்டர் முன்னால் பார்க்கிங்கை நிறுத்திவிட்டு, அந்த அகலத்தையும் சேர்த்து வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்க விடுங்கள். சிக்னலின் கொள்ளளவு குறையாது, நடுவில் இடம் கிடைத்துவிடும்.

ஜங்ஷனில் செய்ய வேண்டிய மற்றவை:

- இடது பக்கம் சிக்னல் பார்க்காமல் திரும்பும் வழி இருந்தால் மூடுங்கள். நடப்பவருக்கு வண்டி ஓய்ந்த ஒரு நொடிகூட அந்த மூலையில் கிடைப்பதில்லை.
- மூலையின் வளைவைச் சிறிதாக்குங்கள். கார் மட்டும் திரும்பும் தெருவுக்கு 4 மீட்டர் ஆரம் போதும், பேருந்து திரும்பும் இடத்தில் மட்டும் பெரிதாக விடலாம். வளைவு சிறிதானால் கடக்கும் தூரமும் குறையும்.
- ஜீப்ரா, நடைபாதை போகும் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும். இருபதடி உள்ளே தள்ளிப் போட்டுக் கம்பி கட்டினால் மக்கள் கம்பியைத் தாண்டுவார்கள்.
- பச்சை நேரத்தை முதியவரின் நடைக்குக் கணக்கிடுங்கள். வினாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் 7 மீட்டர் சாலைக்கு 9 வினாடி, 14 மீட்டர் சாலைக்கு 18 வினாடி. சாலை சுருங்கினால் வண்டிகளுக்கும் பச்சை கூடுகிறது என்பதைப் போக்குவரத்துக் காவலரிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது உடனே புரியும்.

சிக்னலின் முழுச் சுற்று நீளமாகிக்கொண்டே போனால் நடப்பவர் காத்திருக்க மாட்டார், சிவப்பிலேயே இறங்குவார். 90 வினாடிக்குள் வைக்கப் பாருங்கள்.

நடை மேம்பாலம் கட்டலாமே என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதைக்கு ஒரு காரணம் இருக்கிறது: ரயிலிலிருந்து பேருந்துக்குப் போகிறவர் அந்தக் கூட்டத்துக்குள் இறங்காமலே போகலாம். எதிர்க் கடைக்குப் போக நினைக்கிறவரை நாற்பது படி ஏற்றி இறக்குவது அதுபோல ஆகாது. முழங்கால் வலியோடு ஒரு பாட்டி அதில் ஏற மாட்டார். கடைவீதியில் தரைமட்டத்தில்தான் கடக்க வைக்க வேண்டும்.

படி 6: 24 மீட்டரைப் பிரியுங்கள்

தாளை எடுத்து, இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே வாருங்கள். நடுவில் வண்டிக்கு வரைந்துவிட்டு மிச்சத்தை நடைபாதைக்குக் கொடுக்கும் வழக்கம்தான் நம் சாலைகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

நம் உதாரணச் சாலையில் ஒரு பக்கம் சுவரிலிருந்து: கடை வாசலில் நின்று பார்ப்பவருக்கு அரை மீட்டர். தடையில்லாமல் நடக்க மூன்றரை மீட்டர். சைக்கிளுக்கு 2 மீட்டர். கார் கதவு திறக்கும்போது சைக்கிளில் படாமல் இருக்க அரை மீட்டர். மரம், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், வியாபாரிகள், பார்க்கிங் ஆகியவை மாறி மாறி வரும் பட்டை 2 மீட்டர். மொத்தம் எட்டரை. இரண்டு பக்கமும் சேர்த்து 17. நடுவில் மிஞ்சுவது 7 மீட்டர், மூன்றரை மூன்றரையாக இரண்டு தடம்.

பேருந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிற சாலை என்றால் இது சரிப்படாது. பக்கத்துக்கு இரண்டு தடம், பேருந்துத் தடம் 3.3 மீட்டரும் மற்றது 3 மீட்டரும், ஆக மொத்தம் 12.6. மிச்சத்தில் பக்கத்துக்கு 5.7 மீட்டர்: நடக்க 3, சைக்கிளுக்கு 2, மரத்துக்கும் கம்பத்துக்கும் 0.7. பார்க்கிங் கிடையாது. கடக்கும் இடத்தில் மட்டும் மரப் பட்டையை எடுத்துக்கொண்டு நடுவில் நின்று போக ஒரு திட்டு கட்டலாம்.

சாலை 15 மீட்டர்தான் என்றால் சைக்கிளுக்குத் தனித் தடம் போட இடமிருக்காது. ஆறரை மீட்டர் வண்டிக்கு, மீதி இருபுறமும் நடைபாதைக்கும் மரத்துக்கும். சைக்கிள் வண்டிகளோடு கலந்து போகும், அதனால் 30 வேகத்தை அங்கே மிகக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். ஒருவழியாக்கலாமே என்றால், அகலத்தைக் குறைக்காத ஒருவழிச் சாலையில் வேகம் ஏறும், சைக்கிள்காரர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஒருவழியாக்கினால் எதிர்த்திசையில் சைக்கிளுக்கு ஒரு தடம் விட்டே ஆக வேண்டும்.

எந்த வடிவமானாலும் ஒரு விதி மாறாது: வண்டி ஓடும் அகலம் முனையிலிருந்து முனைவரை ஒரே அளவாக இருக்கட்டும். பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் சாலைகளை மாற்றியபோது இதைத்தான் கடைப்பிடித்தார்கள். சாலை எங்கெங்கே விரிகிறதோ அந்த உபரி எல்லாம் நடைபாதைக்குப் போயிற்று. ஓரிடத்தில் மூன்று தடமாகவும் அடுத்த நூறு மீட்டரில் இரண்டு தடமாகவும் ஆகும் சாலையில் வண்டிகள் முண்டியடிப்பதே தினசரி நெரிசலுக்குக் காரணம்.

படி 7: நடைபாதை

தேசிய வழிகாட்டுதலான ஐஆர்சி 103-இல் தடையில்லாத குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், தலைக்கு மேல் தடையில்லாத உயரம் 2.2 மீட்டர் என்று இருக்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகும் அளவு அது. கடைவீதிக்கு அது போதாது, இரண்டரைக்குக் கீழே இறங்கவே கூடாது. "தடையில்லாத" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் நடைபாதையின் நடுவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் நின்றால் அது மூன்று மீட்டர் ஆகாது.

சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் மூத்தவர்கள் சாலையிலேயே நடப்பார்கள். நம் ஊர் நடைபாதைகளில் ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதை இறங்கி ஏறும். பத்து வீட்டுக்குப் பத்து தடவை இறங்கி ஏற யாருக்குப் பொறுமை? நடைபாதை அதே மட்டத்தில் ஓடட்டும், வண்டிதான் சின்னச் சாய்வில் ஏறி நடைபாதையைக் கடந்து உள்ளே போக வேண்டும். குறுக்குத் தெரு முகப்பிலும் இப்படியே: நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கிய ஜீப்ரா. திரும்பும் வண்டி தானே மெதுவாகும், நடப்பவர் இறங்க வேண்டியதில்லை.

சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில் இருக்க வேண்டும்: 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம். பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடு மரத்தில் போய் முட்டாமல் இருக்கிறதா என்று வேலை முடிவதற்கு முன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும், முடிந்தால் பார்வையற்ற ஒருவரையே அழைத்து வாருங்கள்.

பைக் ஏறாமல் இருக்கக் குறுக்குக் கம்பி வைப்பார்கள். பைக் நுழையாத இடைவெளியில் சக்கர நாற்காலியும் நுழையாது. கார் ஏறாத அளவுக்குத் தூண்கள் நட்டுவிட்டு, பைக்குக்குக் காவல்துறையின் அபராதத்தை நம்புவதே சரி.

படி 8: சைக்கிள்

நம் ஊர் சைக்கிள்காரர் யார் என்று தெரியாமல் சைக்கிள் தடம் போடக் கூடாது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டோடு போகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைவீதியில் சைக்கிளில் வருவது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளை, கேனில் டீ விற்பவர், இரவுப் பணி முடிந்து போகும் காவலாளி, தையல் கடைக்குப் போகும் அண்ணன். இவர்கள் ஓரத்திலேயே ஒட்டிப் போவார்கள், கடைக்குக் கடை நிற்பார்கள். தடம் அவர்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

சாலையில் வெறுமனே பெயிண்ட் அடித்தால் ஒரு வாரத்தில் அது பார்க்கிங் ஆகிவிடும். தடத்தை நடைபாதைப் பக்கம் வைத்து, மரமும் பார்க்கிங்கும் உள்ள பட்டையை இடையில் அரணாக நிறுத்துங்கள். நடைபாதையைவிட ஐந்து சென்டிமீட்டர் தாழ்வாக, வேறு நிறத்தில், ஓடு பதிக்காமல் தாராக. நடப்பவருக்கும் எல்லை தெரியும், சைக்கிளும் அதிராமல் ஓடும். ஒருவழித் தடத்துக்கு 2 மீட்டர் வேண்டும், மூன்று சக்கர மீன்பாடி வண்டியும் போக முடிகிற அளவு அது.

தடம் ஜங்ஷனுக்கு முன்னால் காணாமல் போகக் கூடாது. ஆபத்து அதிகமான இடமே அதுதான். சிக்னலில் வண்டிகளுக்கு முன்னால் சைக்கிள் நிற்க ஒரு பெட்டி, குறுக்கே நிறத்தில் ஒரு பட்டை, இரண்டும் வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் வளைந்து போகட்டும்.

படி 9: பேருந்து, ஆட்டோ, சரக்கு

பேருந்து ஓரம் ஒதுங்க நடைபாதையில் பை வெட்டாதீர்கள். ஒதுங்கிய பேருந்தை மறுபடி உள்ளே விட யாரும் வழி தருவதில்லை. நடைபாதையைத் தடம்வரை நீட்டி, பேருந்து நேராக நிற்கும்படி செய்யுங்கள். ஏறுகிறவர்களும் சாலையில் இறங்கி ஓட வேண்டியதில்லை. ஒற்றைத் தடச் சாலையில் எதிரெதிர் நிறுத்தங்களை நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஷேர் ஆட்டோவுக்கு நிறுத்தத்தைத் தாண்டி ஓர் இடம் குறித்துக் கொடுங்கள், இல்லையென்றால் நிறுத்தத்திலேயே நிற்கும். சரக்கு இறக்க இரவு அல்லது காலை பத்து மணிக்கு முன், பட்டையில் இரண்டு இடங்கள் போதும்.

படி 10: பார்க்கிங்

எதிர்ப்பு அதிகம் கிளம்பும் இடம் இது. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும், ஆகவே பைக்குக்கு முதலிடம். காரை உள்தெருவிலோ தனிக் கட்டடத்திலோ நிறுத்தக் கட்டணம் குறைவாகவும் கடைவீதியில் அதிகமாகவும் வையுங்கள். தி.நகரில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு நிறுத்தகம் கட்டியிருக்கிறார்கள். சாலையில் இலவசமாக நிறுத்த முடிகிறவரை எந்த நிறுத்தகமும் காலியாகவே கிடக்கும். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு ஜீப்ரா அருகே இடம் ஒதுக்க மறக்காதீர்கள்.

படி 11: தெருவோர வியாபாரிகள்

சாலையை அழகாக்குவதற்காகப் பூக்காரம்மாவையும் பழக்கடைக்காரரையும் துரத்தினால் அந்தத் திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன். சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு, பிறகு சான்றிதழ், நகர விற்பனைக் குழு. அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

பாண்டி பஜாரிலேயே சாலை மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 2013-ல், நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நடந்து போகிறவரின் கண்ணில் படுவதே அவர்கள் வியாபாரத்தின் உயிர். மாடிக்குப் போனால் அது போய்விடும். அதனால் வடிவமைப்பிலேயே இடம் கொடுங்கள்: நம் 2 மீட்டர் பட்டையில் மரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இடங்கள், எண் குறித்து, மின் இணைப்போடு. வாடிக்கையாளர் நிற்கப் போதுமான இடத்தையும் நடக்கும் அகலத்தில் கழித்துக் கணக்கிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடக்கிற தெருக்கள் பெரும்பாலும் இவர்கள் விளக்கு எரியும் தெருக்கள்தான்.

படி 12: தரைக்கு அடியில்

மேலே ஓடு பதித்து ஆறு மாதத்தில் கேபிளுக்காகத் தோண்டினால் எல்லாம் வீண். முதலில் தரையடி வரைபடம்: குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின்சாரம், தொலைத்தொடர்பு. பல ஊர்களில் பழைய வரைபடம் இருக்காது, பத்து இடங்களில் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். எல்லா இணைப்புகளையும் நடைபாதைக்கு அடியில் குழாய்களில் ஒழுங்குபடுத்தி, எதிர்காலத்துக்கு இரண்டு காலிக் குழாய்களும் போட்டுவிடுங்கள். பெங்களூர்ச் சாலைகளில் செலவு கூடியதற்கு இதுதான் முக்கியக் காரணம், நீடித்து நிற்பதற்கும் இதுதான் காரணம்.

மழைநீர் விஷயத்தில் ஒன்று. பழைய தார் மேல் புதுத் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போனதால் கடைகளும் வீடுகளும் பள்ளத்தில் நிற்கின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் உத்தரவிட்டது. ஒப்பந்தத்தில் அதை எழுத்தில் கேளுங்கள். சாலையின் இறுதி மட்டம் கடை வாசலைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

மரத்தின் அடியில் சிமென்ட் பூசக் கூடாது. பெரிய மரம் நிற்கிற இடத்தில் பார்க்கிங் பையைக் குறைத்துக்கொள்ளுங்கள், மரத்தைத் தொடாதீர்கள்.

படி 13: கயிறும் பேரிகேடும் வைத்துச் சோதியுங்கள்

பாண்டி பஜாரிலும் நிரந்தர வேலைக்கு முன்னால் தடுப்புகள் வைத்துச் சோதனை ஓட்டம் நடந்தது. நீங்களும் செய்யுங்கள். பேரிகேட், மணல் நிரப்பிய டிரம், சுண்ணாம்புக் கோடு, வாடகை நாற்காலி. ஞாயிறு ஒருநாள் நடத்துவது திருவிழாவாக முடிந்துவிடும், அதில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. குறைந்தது இரண்டு வாரம், வாரநாள்கள் உட்பட. முதல் மூன்று நாள் குழப்பமாக இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது வாரத்தில் மறுபடி அதே கோட்டில் அதே நேரத்தில் ஆட்களை எண்ணுங்கள், பக்கத்துத் தெருக்களையும்.

சோதனையின் பெரிய பயன் வரைபடத்தில் தெரியாதவை தெரிவதுதான். ஆம்புலன்ஸ் எப்படிப் போயிற்று, குப்பை வண்டி எங்கே நின்றது, பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோக்கள் எங்கே குவிந்தன. டிரம்மை ஒரு மீட்டர் நகர்த்த ஐந்து நிமிடம் போதும். கான்கிரீட்டை நகர்த்த ஒரு டெண்டர் வேண்டும்.

படி 14: வேலையும் அதற்குப் பிறகும்

நூறு, நூற்றைம்பது மீட்டர் துண்டுகளாகச் செய்யுங்கள், ஒரு துண்டு முடிந்த பிறகு அடுத்தது. முழுச் சாலையையும் ஒரே நேரத்தில் கிளறிப்போட்டால் கடைக்காரர்கள் ஒரு வருட வியாபாரத்தை இழப்பார்கள், அந்தக் கோபம் நியாயமானது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் பொங்கல் நேரமும் எதையும் தோண்டக் கூடாது. மெட்ரோ போன்ற பெரிய வேலை அந்தப் பகுதிக்கு வரவிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பனகல் பூங்காப் பகுதியில் பாண்டி பஜார் திறந்த பிறகு மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி வந்தது.

ஒப்பந்தத்தில் கட்டுவதற்கான தொகையோடு ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: உடைந்த ஓடு எத்தனை நாளில் மாற்றப்படும், தோண்டுகிற துறை அதே தரத்தில் மூடுவதற்கு முன்பணம் எவ்வளவு கட்ட வேண்டும், சைக்கிள் தடத்தில் நிற்கும் வண்டியை எடுப்பது யார் பொறுப்பு. முதல் மூன்று மாதம் போக்குவரத்துக் காவலர் தினமும் அங்கே இருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் பைக் நடைபாதையில் ஏறிப் பழகிவிட்டால் பிறகு இறக்குவது ரொம்பக் கஷ்டம்.

ஒரு வருடம் கழித்துப் படி 2-இல் செய்த கணக்கெடுப்பை மறுபடி செய்யுங்கள். காவல் நிலையத்தில் அந்தச் சாலையின் விபத்துப் பதிவுகளை மாற்றத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு வணிகர் சங்கத்துக்கும் பகுதி சபைக்கும் கொடுங்கள், அடுத்து எந்தச் சாலை என்று அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள்.